பிசிஜி புண், பென்டாவேலன்ட் வீக்கம்: இரண்டும் ஒன்றல்ல

குழந்தை பிறந்ததும் இடது தோளில் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தோலுக்குள்ளேயே இறங்குகிறது. அன்றைக்கு அழுகையோடு சரி. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அங்கே சின்னக் கொப்புளம் கிளம்பும். அது சீழ் வைத்து, உடைந்து, காய்ந்து தழும்பாக இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ஊசி போட்டதே மறந்துபோன நேரத்தில் சீழைப் பார்த்தால் எந்த அம்மாவுக்கும் பதறும். ஆனால் இது எதிர்பார்த்த மாற்றம்தான். பிதுக்க வேண்டாம், மஞ்சள் வேண்டாம், களிம்பும் வேண்டாம். குளிப்பாட்டிவிட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும்.

6, 10, 14 வாரங்களில் தொடையில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) தசைக்குள் போகிறது. சிவப்பு, வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம் ஓரிரு நாளுக்குள் வந்து, பெரும்பாலும் மூன்று நாளில் அடங்கிவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம்; தேய்க்கக் கூடாது. சிறு கட்டி சில வாரம் தங்கினாலும் தானே கரையும்.

பிசிஜிக்குப் பிறகு அக்குளில் நெறி கட்டிப் பெரிதானாலோ, தொடை வீக்கம் மூன்று நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த ஊசியானாலும், போட்ட சிறிது நேரத்தில் உடம்பெங்கும் தடித்து மூச்சு இளைத்தால் அது அவசரம். அதற்காகத்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள்.