மூளைத் தமனி வீக்கம்: கிளிப்பா, காயிலா, ஃப்ளோ டைவர்ட்டரா?

மூளைத் தமனியின் சுவர் நலிந்த இடத்தில் புடைத்துப் பையாக நிற்பதை அனியூரிசம் என்பார்கள். தீராத தலைவலிக்காகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, வெடிக்காத வீக்கம் ஒன்று இருப்பதை அறியும் குடும்பத்தின் முன் மூன்று வழிகள் வைக்கப்படலாம்.

மூத்தது கிளிப். மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தை உலோகக் கவ்வியால் இறுக்கும் இம்முறையை 1937இல் வால்டர் டாண்டி தொடங்கிவைத்தார். நடுமூளைத் தமனி கிளைபிரியும் இடத்து வீக்கங்களுக்கு இன்றும் இது வலுவான தேர்வு. காயில் முறையில் தொடை வழியே நுண்குழாயைச் செலுத்தி, பைக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்புகிறார்கள். வெடித்த வீக்கங்களில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஐசாட் ஆய்வில், ஓராண்டு முடிவில் உயிரிழந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களுமாகக் காயில் பிரிவில் 23.7 சதவீதம் பேரும் கிளிப் பிரிவில் 30.6 சதவீதம் பேரும் இருந்தனர். ஆனால் கழுத்து 4 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் சுருள் வெளியே சரியக்கூடும். 25 மில்லிமீட்டரை எட்டிய ராட்சத வீக்கங்களில் சுருள் அமுங்கி, ரத்தம் மீண்டும் உள்ளே புகுவதும் உண்டு.

அத்தகைய சிக்கலான வீக்கங்களுக்கே ஃப்ளோ டைவர்ட்டர் ஸ்டென்ட் பெரிதும் உதவுகிறது. அது பைக்குள் நுழைவதே இல்லை. நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாய் தமனிக்குள் விரிந்து பையின் வாயை மறிக்க, உள்ளிருக்கும் ரத்தம் தேங்கி உறைகிறது. பின்னர் வலையின் மேல் தமனியின் உட்படலம் படர்ந்து அந்த வாயையே அடைத்துவிடுகிறது. இதற்கு மாதங்கள் ஆகும். உட்கழுத்துத் தமனியின் பெரிய வீக்கங்களில் பைப்லைன் என்னும் ஃப்ளோ டைவர்ட்டர் ஸ்டென்டைச் சோதித்த பஃப்ஸ் ஆய்வில், 6 மாதத்தில் 73.6 சதவீத வீக்கங்களும், 5 ஆண்டுக்குப் பின் படமெடுத்துப் பார்க்க முடிந்தவற்றில் 95.2 சதவீதமும் முழுமையாக அடைபட்டிருந்தன.

இந்தப் பலனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வலையின் மேல் ரத்தம் உறைந்து பக்கவாதம் வராதிருக்க, ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் பல மாதங்கள் ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்க வேண்டும். வெடித்த வீக்கத்துக்கு இம்முறையைக் கையாள மருத்துவர்கள் தயங்குவதும் இம்மாத்திரைகளால்தான். நம் நெல்லைப் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. 2012இல் கடையநல்லூர் வட்டாரத்தை வாட்டிய டெங்குவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும் அக்காய்ச்சலும் அவற்றை முடக்கும் இம்மாத்திரைகளும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஆகவே மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாமல், மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியும் விடாமல், காய்ச்சல் கண்ட அன்றே ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலோ திசையன்விளையிலோ தனியாக வாழும் முதியவருக்கு, வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் பின்னர் தமனியைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கு அழைத்துப் போகவும் ஆள் உண்டா என்பதை, ஸ்டென்டின் விலையை விசாரிப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆள் இல்லையென்றால், இம்மாத்திரைகள் தேவைப்படாத கிளிப்புக்கு வீக்கம் இருக்கும் இடம் இசையுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.