ஜிபிகாக்: ஆறு நிமிட மறதிப் பரிசோதனை எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

மறதிக்கென்று குடும்ப மருத்துவரிடம் வருகிறவர்கள் குறைவு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறார்கள். மாத்திரை அட்டையில் கணக்கு இடிக்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டியது ஜிபிகாக் (GPCOG) என்ற சின்ன மறதிப் பரிசோதனை. ஆஸ்திரேலியாவில் ஹென்றி பிராடட்டி குழுவினர் பொது மருத்துவர்களுக்காகவே உருவாக்கி 2002-ல் வெளியிட்டது. இலவசம். நோயாளிக்கு நாலு நிமிடம், கூட வந்தவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

நோயாளி பகுதிக்கு 9 மதிப்பெண். முதலில் ஒரு பெயரும் முகவரியும் சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். நாலு முறை வரை சொல்லிக் கொடுக்கலாம், இதற்கு மதிப்பெண் இல்லை. பிறகு இன்றைய தேதி 1, கடிகாரம் 2, கடந்த ஒரு வாரச் செய்தி 1, கடைசியில் அதே முகவரியின் ஐந்து துண்டுகளுக்கு 5. "ஊரெல்லாம் மழை" என்று பொதுவாகச் சொன்னால் எங்கே, என்ன ஆச்சு என்று கேளுங்கள். விவரம் வந்தால்தான் மதிப்பெண்.

இதன் உயிர் கடிகாரத்தில் இருக்கிறது. வட்டத்துக்குள் எண்களை எழுதி, பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்கிறோம். "பத்து" காதில் விழுந்ததும் பெரிய முள்ளை 2-க்குப் பதில் 10-லேயே வைத்துவிடுவார்கள். வாய்ப்பேச்சில் பளிச்சென்று இருப்பவரின் குறையையும் இந்த ஒரு முள் காட்டிவிடும்.

9 வந்தால் பெரிய கவலையில்லை. 4-ம் அதற்குக் கீழும் என்றால் மேல்பரிசோதனை கட்டாயம். 5 முதல் 8 வரை வந்தால் கூட வந்தவரிடம் ஆறு கேள்விகள்: சில வருடங்களுக்கு முன் இருந்ததைவிட அண்மைய விஷயங்கள், சில நாள் முந்தைய பேச்சு, சரியான சொல், பணம், மாத்திரை, வெளியே போய்வருவது இவற்றில் சிரமம் கூடியிருக்கிறதா? "இல்லை" ஒவ்வொன்றுக்கும் 1. 3 அல்லது குறைவென்றால் சந்தேகம் உறுதிப்படுகிறது. முட்டிவலியால் பஸ் ஏற முடியாததை மறதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். மகளை நோயாளி எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பாதி உண்மைதான் வரும். இந்தப் பகுதியைத் தவிர்ப்பதுதான் அவசரத்தில் நடக்கும் பெரிய தப்பு.

குறைகளும் உண்டு. பேனா பிடித்துப் பழகாதவருக்குக் கடிகாரம் அநியாயம். காது மந்தமானவர் முகவரியை மறக்கவில்லை, கேட்கவே இல்லை. சுவரில் கிழிக்கும் காலண்டரும் கடிகாரமும் தொங்கினால் இரண்டு கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். தமிழ் மாதத் தேதி சொன்னால் காலண்டரில் ஒத்துப் பார்த்த பிறகே தப்பு போடுங்கள். கேள்விகளைக் கிளினிக்கிலேயே மொழிபெயர்த்தால் 9, 4 என்ற எல்லைகளை அப்படியே நம்ப முடியாது.

மதிப்பெண்ணை வைத்து மட்டும் மறதி நோய் மாத்திரையான டோனெபெசில் எழுதுவது கூடாது. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பியவருக்கு முதலில் சிறுநீர்த் தொற்றும் சோடியமும் பாருங்கள். மற்றவர்களுக்கு பி12, தைராய்டு, கால்சியம், மனச்சோர்வு; பிறகு மருந்துப் பை முழுவதையும் மேசையில் கொட்டச் சொல்லுங்கள். நரம்புவலிக்கோ மனச்சோர்வுக்கோ தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கு வாங்கிய குளோர்பெனிரமின், கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில் மூன்றுமே நினைவை மங்க வைக்கும். அவற்றைப் படிப்படியாகக் குறைத்து, சில வாரம் கழித்து அதே தாளில் மறுபடி போட்டுப் பாருங்கள்.