டச்சு-தமிழ் அப்: தேய்வதை உடுப்பாக்கி விட்டது

நெதர்லாந்து விசாவுக்கு டச்சுப் படிக்கிற மட்டக்களப்புப் பிள்ளைகள் இந்த மொழிபெயர்ப்பு அப்புக்குச் சந்தா கட்ட முதல், இலவசப் பதிப்பில் 'ஸ்லைட்டன்' என்று அடித்துப் பாருங்கள். 'அணிதல்' என்று வரும். உண்மையில் அந்த வினைச்சொல்லுக்குத் தேய்தல் என்றுதான் பொருள், பாவிக்கப் பாவிக்கக் குறைந்துபோவது. அப் டச்சை முதலில் இங்கிலீசாக்கி, பிறகு தமிழாக்குகிறது போலிருக்கிறது. இங்கிலீசில் உடுப்பதற்கும் தேய்வதற்கும் 'வெயார்' ஒன்றுதானே, அங்கே சறுக்கிவிட்டது. உடுப்புப் போடுவதற்கு டச்சுக்காரர் சொல்வது 'ட்ராஹன்', சுமப்பதற்கும் அதேதான்.

செருப்பின் அடி தேய்ந்தாலும், மோட்டார் சைக்கிள் டயர் தேய்ந்தாலும் ஸ்லைட்டன் சரி. ஒரேயடியாகத் தேய்ந்து உதவாமல் போனால் முன்னால் 'வெர்' சேர்த்து 'வெர்ஸ்லேட்டன்' என்பார்கள், அம்மம்மாவின் முழங்காலுக்கும் அதுதான், நாமும் தேய்மானம் என்றுதானே சொல்கிறோம். ஆனால் எல்லா இடத்திலும் தேய்தலைப் போட்டு ஒப்பேற்ற முடியாது. அவர்களுக்குத் துக்கமும் 'ஸ்லைட்' ஆகும், நமக்கு அது ஆறும். வயதான காலத்தை ஓரிடத்தில் கழிப்பதும் ஸ்லைட்டன்தான். ஒருவரை விசரன் என்று எண்ணினால் அதற்கு 'வெர்ஸ்லைட்டன்'. தேய்பிறைக்கு மட்டும் வேறு சொல். இதில் ஒன்றுகூட அப்பில் இல்லை.

பெரிய பகிடி 'ஸ்லைட்டறை'. அதை 'தேய்க்கும் இடம்' என்று காட்டியது, நான் லோன்றி என்றே நினைத்திருப்பேன். அது சாராயக்கடை! ஸ்லைட்டனுக்குச் சில்லறையாக விற்பது என்றும் ஒரு பொருள் உண்டு, அந்த வழியில் வந்த பெயர். பியரும் வைனும் அங்கே சுப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், கடும் சரக்குக்குத்தான் இந்தக் கடை.

இறந்தகாலம் 'ஸ்லேட்', முடிந்ததற்கு 'ஹெஸ்லேட்டன்'. இந்த வடிவங்களையும் காட்டவில்லை, காசு வாங்குகிற அப்புக்கு இது பெரிய குறை. உச்சரிப்புக் குரல் மட்டும் நல்ல தெளிவு, நெட் இல்லாமலும் கேட்கிறது, அந்த 'ஹெ'யை மீன்முள் சிக்கின தொண்டையால் காறுவது போலச் சொல்லப் பழகலாம்.

ஐந்துக்கு இரண்டு. குரலுக்கு இலவசப் பதிப்பே போதும். பொருளுக்கு வான் டேல் அகராதியின் இணையத்தளத்தைப் பாருங்கள், விளக்கம் டச்சிலேயே இருப்பதால் முதலில் கொஞ்சம் தலையிடிக்கும், ஆனால் செருப்பைச் சட்டையாக்காது.