ஐரோப்பாவில் கார் பயணம்: ஹோட்டலை முன்பே பிடிக்க வேண்டுமா?

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து கோடை விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் கார்தான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து தெற்கே இறங்கினால் ஆஸ்திரியா, இத்தாலி. மேற்கே போனால் பிரான்ஸ். எல்லா இரவுக்கும் அறை பிடித்துவிட்டுக் கிளம்பிய வருடங்களும் உண்டு, முதல் இரவுக்கு மட்டும் பிடித்துவிட்டு மீதியை வழியில் பார்த்துக்கொண்ட வருடங்களும் உண்டு. இரண்டாவது வழியில் அறை கிடைக்காமல் போய்விடாதா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பெரும்பாலான நாட்களில் அறை எங்காவது கிடைத்துவிடும். தொல்லை வருவது வேறு பக்கத்திலிருந்து: ரிசப்ஷன் மூடும் நேரம், காரை நிறுத்த இடம், நாலு பேருக்குக் கட்டில்.

நேரம் படுத்தும் பாடு பிரான்ஸில்தான் அதிகம். சிற்றூர் ஹோட்டல்களில் ரிசப்ஷனில் ஆள் இருப்பது பெரும்பாலும் ராத்திரி எட்டு, ஒன்பது மணி வரைதான். அதற்குப் பிறகு போனால் உள்ளே விளக்கு எரியும், கதவு திறக்காது. பதிவு செய்துவிட்டுத் தாமதமாக வருகிறவர் ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும், கதவுக்கான எண்ணை அனுப்பிவிடுவார்கள். சாவி ஓர் உறையில் காத்திருக்கும். பதிவு இல்லாதவருக்கு அந்த வழி கிடையாது. போதாக்குறைக்கு உணவகங்களின் சமையலறையும் ஒன்பது மணியோடு முடிந்துவிடும். ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல ஊர்களில் திறப்பதே இல்லை. படுக்கைக்கு முன்னால் சாப்பாடுதான் கைவிட்டுப் போகும்.

விதிவிலக்கு, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடங்களில் இருக்கும் இபிஸ் பட்ஜெட் வகைச் சங்கிலி ஹோட்டல்கள். சிலவற்றில் வாசலிலேயே ஒரு இயந்திரம் இருக்கும். மொழியைத் தேர்ந்தெடுத்து, கார்டைச் செருகினால், அறை எண்ணும் கதவுக்கான குறியீடும் அச்சிட்ட சீட்டு வெளியே வரும். நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கும் இது நடக்கும். அழகு கிடையாது, ஜன்னலைத் திறந்தால் லாரி நிறுத்துமிடம். ஆனால் மார்செய் பக்கம் போகும் வழியில் லியோனைத் தாண்டி ஓர் இரவு தூங்கி எழ இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதிவு செய்யாமல் போவதன் சுகம் முழுதாகக் கிடைப்பது ஆஸ்திரியாவின் கிராமங்களில். தெருவோரத்தில் ‘சிம்மர் ஃப்ரை’ என்ற பலகை தொங்கினால் அறை காலி என்று அர்த்தம். மணியடித்தால் வீட்டம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வருவார், மாடிக்குக் கூட்டிப்போய் அறையைக் காட்டுவார். மரத் தரை, இரண்டாக மடித்து வைத்த தடித்த போர்வைகள், பால்கனியில் சிவப்பு ஜெரேனியம். பிடித்திருந்தால் சரி, இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீடு. விலையில் காலை உணவும் பெரும்பாலும் அடங்கிவிடும். மழை பிடித்துக்கொண்டால் மலையின் மறுபக்கம் போய்விடலாம். ஆல்ப்ஸில் வடக்கே கொட்டும்போது தெற்கே வெயில் அடிப்பது சாதாரணம். எல்லா இரவுக்கும் பணம் கட்டியவருக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் இதெல்லாம் இரண்டு பேருக்கு. அப்பா அம்மா வந்திருந்தபோது சாயங்காலம் நாலு மணிக்கே பின்சீட்டிலிருந்து “ராத்திரி எங்கப்பா தங்கறோம்?” என்று தொடங்கிவிடும். பதில் இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது. குழந்தைகளோடு போனாலும் இதே கதைதான். ஐரோப்பிய ஹோட்டல் அறை பெரும்பாலும் இருவருக்கானது. மூன்றாவது ஆளைத் தரையில் படுக்க வைக்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாலு பேர் படுக்கும் குடும்ப அறை ஒரு ஹோட்டலில் இரண்டோ மூன்றோ இருக்கும், அவைதான் முதலில் தீரும். நாலு பேர் என்றால் முன்பதிவு, அவ்வளவுதான்.

இத்தாலியின் பழைய நகரங்களிலும் நான் முன்பதிவு பக்கம்தான். ஃப்ளோரன்ஸ் நடுவில் ஜெட்.டி.எல். என்ற தடை வளையம் இருக்கிறது. அனுமதியில்லாத கார் நுழைந்தால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்துக்கூட வரும், வாடகைக் கார் என்றால் நிறுவனத்தின் கட்டணமும் சேரும். வளையத்துக்குள் இருக்கும் ஹோட்டலில் தங்குகிறவர் வண்டி எண்ணைக் கொடுத்தால், அவர்களே அதைப் பதிந்து அனுமதி வாங்கித் தருவார்கள். அறை தேடிக்கொண்டு உள்ளே சுற்றுகிறவருக்கு இது எதுவும் பொருந்தாது. அல்லது நகருக்கு வெளியே தங்கி, டிராமில் உள்ளே போகலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் தேதி. ஆகஸ்ட் 15 இத்தாலியிலும் பிரான்ஸிலும் பொது விடுமுறை. அந்த வாரம் கடற்கரையிலும் கார்டா ஏரிப் பக்கமும் போகிற போக்கில் அறை கேட்பது வீண். செப்டம்பர் நடுவிலிருந்து மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா, அறை விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். பிரான்ஸில் ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் சாலையே நகராது. பிசோன் ஃபுத்தே என்ற அரசுச் சேவை நெரிசலைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாள்வாரியாக முன்கூட்டியே சொல்கிறது. கறுப்பு நாளில் நெடுஞ்சாலை ஹோட்டலையும் நம்ப மாட்டேன். எதிர்ப்பக்கமும் உண்டு: ஃப்ராங்க்பர்ட் மாதிரி வணிக நகரங்களில், பெரிய கண்காட்சி இல்லாத வார இறுதியில் நல்ல ஹோட்டலே மலிவாகக் கிடைக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் இரவு, கடைசி இரவு, சனிக்கிழமை, பெரிய நகரம்: இவற்றுக்கு ரத்து செய்யக்கூடிய பதிவு. மற்றதை அன்றன்று மதியச் சாப்பாட்டின்போது போனில் முடித்துவிடுவேன். நாலு மணிக்கு மேல் தள்ளிப்போடுவதில்லை. ரத்து செய்ய முடியாத மலிவு விலையைத் தொடுவதே இல்லை. கார் பயணத்தில் மிச்சமாகும் பத்து யூரோவுக்காக இழக்கும் சுதந்திரம் அதிகம். ரத்துக்கான கெடு சில இடங்களில் அன்று மாலை ஆறு மணி, சில இடங்களில் பல நாள் முன்பு, அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவில் வருகிறவர்களுக்கு இந்த விவாதம் பாதிதான் பொருந்தும். விண்ணப்பத்தோடு தங்குமிடச் சான்று காட்டியாக வேண்டும் என்பதால் எல்லா இரவுக்கும் பதிவு இருக்கட்டும், ஆனால் ரத்து செய்யக்கூடியதாக. விசா வந்ததும் அத்தனையையும் ரத்து செய்துவிட்டு விமானம் ஏற வேண்டாம். வந்திறங்கும் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி தங்குமிடம் எங்கே என்று கேட்க உரிமை உண்டு. முதல் சில இரவுகளின் பதிவை அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மலைப்பக்கம் வரும் இரவுகளை வானிலை பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.