ரிகர்ஷன் பழக எது திறம்: பைத்தனா, ஜாவாஸ்கிரிப்டா, ஹாஸ்கெல்லா, ராக்கெட்டா?

ஏஎல் எழுதிப்போட்டு ரிசல்ட்ஸுக்குப் பாத்துக்கொண்டிருக்கிற என்ர சின்னம்மான்ர மகள் போன மாசம் வெள்ளவத்தைக்கு எங்கட வீட்ட வந்தவள், வந்து பையைக் கீழ வைக்கேல்ல, கேள்வியைக் கேட்டிட்டாள். "அண்ணா, ரிகர்ஷன் எனக்கு மண்டைக்குள்ள ஏறுதே இல்ல, ஃபங்ஷனல் புரோகிராமிங் படிச்சா தன்ர பாட்டில விளங்கும் எண்டு ஒராள் சொன்னவர், அதுக்கு எனக்குத் தெரிஞ்ச பைத்தன் காணாதோ?" ரிகர்ஷன் எண்டா ஒரு ஃபங்ஷன் (பேர் வைச்ச புரோகிராம் துண்டு) தன்னைத்தானே திரும்பக் கூப்பிடுறது, ஃபங்ஷனல் புரோகிராமிங் எண்டா அப்பிடியான துண்டுகளாலயே எல்லாத்தையும் கட்டுறது. நான் யோசிக்காம "காணும், காணும்" எண்டிட்டன். ராத்திரி படுத்திருந்து யோசிக்கத்தான் அது பிழையான பதில் எண்டு விளங்கினது. அதால அவளோட இருந்து நாலு லாங்குவேஜிலயும் ஒரே கணக்கைச் செய்து பாத்தம்.

கணக்கு பெரிசா ஒண்டுமில்ல. கடையில ரோல்ஸ் 120, வடை 80, பிளேன்டீ 60, மொத்தம் எவ்வளவு? ரிகர்ஷன்ல யோசிச்சா: முதல் விலையை எடு, மிச்சப் பட்டியலின்ர மொத்தத்தோட கூட்டு, பட்டியல்ல ஒண்டும் இல்லாட்டி 0. அவ்வளவுதான்.

பைத்தன் அவளுக்கு ஏஎல் ஐசிடில ஏற்கனவே பழக்கம், அதால பத்து செக்கன்ல ஒரு ஃபோர் லூப் (பட்டியல்ல ஒவ்வொண்டா எடுத்துச் செய்யிற கட்டளை) அடிச்சு 260 எண்டு காட்டிப்போட்டு "இதுக்கு ஏன் அண்ணா ரிகர்ஷன்?" எண்டு கேட்டாள். நியாயமான கேள்வி. பைத்தன்ல அதுக்குப் பதில் இல்ல, ஏனெண்டா அங்க லூப் எப்பவும் பக்கத்திலயே நிக்குது, கஷ்டம் வந்த உடன கை தன்ர பாட்டில அங்க போகும். போதாக்குறைக்கு ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே கிட்டத்தட்ட 1000 தரம் உள்ளுக்குள்ள கூப்பிட்டா பைத்தன் ரிகர்ஷன் எரர் எண்டு நிப்பாட்டிடும், லிமிட்டைக் கூட்டலாம்தான், ஆனா வீட்டுக்காரருக்கே விருப்பமில்லாத விருந்தாளி மாதிரித்தான் ரிகர்ஷன் அங்க. சும்மா சொல்லேல்ல, பைத்தனை உருவாக்கின கைடோ வான் ரோசம் 2005ல லாம்டா (பேரில்லாத ஃபங்ஷன்), மேப் (ஒவ்வொண்டிலயும் ஒரே வேலையைச் செய்யிறது), ஃபில்டர் (தேவையானதை மட்டும் எடுக்கிறது), ரெடியூஸ் (எல்லாத்தையும் சேத்து ஒண்டாக்குறது) எல்லாத்தையும் பைத்தன் 3ல இருந்து தூக்கவேணும் எண்டு எழுதினவர், கடைசியில ரெடியூஸை மட்டும் வேற மொடியூலுக்குள்ள தள்ளிவிட்டாங்கள். டெயில் கோலை, அதாவது ஃபங்ஷன் கடைசி வேலையாக் கூப்பிடுறதை, கூட இடம் பிடிக்காமச் சுருக்கிக் குடுக்கிற வேலையும் வேண்டாம் எண்டு 2009ல எழுதினவர்.

என்ர கதையும் பைத்தன்ல கெட்டதுதான். ஒரு டியூசன் வகுப்பில சேர் போர்டில ஃபக்டோரியல் எழுதினார், அடுத்ததா ஃபிபோனாச்சி (முந்தின ரெண்டையும் கூட்டினா அடுத்த இலக்கம்) எழுதினார், பெல் அடிச்சுது. வீட்ட வந்து 30ஆவது ஃபிபோனாச்சியைக் கேட்டா லப்டொப் கொஞ்சம் யோசிச்சு நிண்டுதான் விடை சொன்னது. அந்த ஒரு விடைக்கு ஃபங்ஷன் 2,692,537 தரம் கூப்பிடப்படுது, செய்த கணக்கையே திரும்பத் திரும்பச் செய்யுது. நான் அதைப் பாத்து ரிகர்ஷன் எண்டாலே ஸ்லோ எண்டு முடிவெடுத்திட்டன், கன வருசம் அப்பிடியே நம்பிக்கொண்டு திரிஞ்சன். வந்த விடையை ஞாபகம் வைச்சிரு எண்டு மேல ஒரு வரி போட்டா அதே ஃபங்ஷன் 31 தரம்தான் உண்மையில ஓடும், அதை ஆரும் சொல்லித் தரேல்ல. ஃபிபோனாச்சியை முதல் உதாரணமாக் காட்டுற ஆக்களில எனக்கு இப்பவும் கோவம்தான்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தா ஒரு பெரிய வசதி, இன்ஸ்டோல் பண்ண ஒண்டுமில்ல, பிரவுசரில எஃப்12 தட்டினாச் சரி. 1995ல இதைச் செய்த பிரெண்டன் ஐக்கை நெட்ஸ்கேப் எண்ட பிரவுசர் கொம்பனி எடுத்ததே பிரவுசருக்குள்ள ஸ்கீம் எண்ட ஃபங்ஷனல் லாங்குவேஜைப் போடலாம் எண்டு சொல்லித்தான், பேந்து ஜாவா மாதிரி இருக்கவேணும் எண்டு மேலிடம் சொல்ல பத்து நாளில ஒண்டைச் செய்து குடுத்தவர். அந்த ஸ்கீம் வாசம் இன்னும் போகேல்ல, ஃபங்ஷனை ஒரு சாமான் மாதிரி கையில எடுத்து இன்னொரு ஃபங்ஷனிட்டக் குடுக்கலாம். மேப், ஃபில்டர், ரெடியூஸ் பழக இதை மாதிரி லேசு வேறொண்டும் இல்ல, 100 ரூபாய்க்கு மேல உள்ளதை மட்டும் எடு எண்டா ஒரு வரி. கொழும்பில வேலை தேடுற பிள்ளைக்கு வெப் பக்கம் கட்டுற ரியாக்ட் எப்பிடியும் தேவைப்படும், அங்கயும் இதுதான் ஓடுது.

ஆனா விலையளை வரிசைப்படுத்து எண்டு சோர்ட் போட்டாள், வந்தது 120, 60, 80. அவள் சிரிச்சிட்டாள். ஒண்டும் சொல்லாம விட்டா அது இலக்கத்தை எழுத்தா நினைச்சு அடுக்கும், 1 முதல், 6 பிறகு, 8 கடைசி. அதைவிடப் பெரிய சிக்கல், பழைய பட்டியலே மாறிப்போச்சுது. ஃபங்ஷனல் எண்டா இருக்கிறதை மாத்தாதே எண்டு அஞ்சு நிமிசத்துக்கு முன்னந்தான் நான் பிரசங்கம் வைச்சனான்! ரிகர்ஷன் விசயத்திலயும் பைத்தன் மாதிரித்தான்: 2015 ஸ்டாண்டர்டில டெயில் கோலைச் சுருக்கவேணும் எண்டு எழுதிக்கிடக்கு, குரோமிலயும் ஃபயர்பொக்ஸிலயும் இல்ல, சஃபாரியில மட்டும் இருக்கு.

ஹாஸ்கெல்லை நான் தனிப்பட விரும்புறனான், அதைச் சொல்லிப்போட்டே தொடங்குறன். 1987ல ஆராய்ச்சிக்காரர் கூடி ஒரு கமிட்டி போட்டு 1990ல முதல் வடிவம் வந்த லாங்குவேஜ், அங்க லூப் எண்டு ஒண்டு கிடையாது. மேல நான் தமிழில சொன்ன வசனத்தை அப்பிடியே ரெண்டு வரியா எழுதலாம், வெறும் பட்டியலுக்கு ஒரு வரி, முதலும் மிச்சமும் உள்ள பட்டியலுக்கு ஒரு வரி. வடிவு எண்டா அதுதான் வடிவு.

பிரச்சினை என்னெண்டா அந்த வடிவைப் பாக்க முதலே டேட்டா முடிஞ்சிடும். இன்ஸ்டோல் பண்ணுறது ஜிபி கணக்கு, டொங்கிளில இருக்கிற பிள்ளைக்கு இது சின்ன விசயமில்ல. பிறகு எரர் மெசேஜ். இலக்கத்தோட எழுத்தைக் கூட்டப்போய் அவள் வாங்கிக்கட்டினது, தமிழ் வகுப்பில நிண்டு சமஸ்கிருதத்தில ஏச்சு வாங்கின மாதிரி. ஆனா ஒரு நல்ல விசயம் நடந்தது. பைத்தன் பழக்கத்தில "எண்ணிக்கை என்பது எண்ணிக்கை கூட்டல் 1" எண்டு அடிச்சாள். ஹாஸ்கெல் ஒண்டும் சொல்லேல்ல, ஏற்றுக்கொண்டுது. சரி எண்ணிக்கை எவ்வளவு எண்டு கேட்டா அப்பிடியே நிண்டுது, கர்சர் மட்டும் மினுங்குது. அங்க சமன் குறி எண்டா பெட்டிக்குள்ள போடுறதில்ல, இது இதுதான் எண்டு வரைவிலக்கணம் சொல்லுறது, அப்ப எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க எண்ணிக்கை தேவை, அதுக்கு இன்னொருக்கா எண்ணிக்கை தேவை... "அண்ணா, இதுவும் ரிகர்ஷன்தானே, முடியிற இடம் இல்லாத ரிகர்ஷன்!" எண்டு அவளே சொன்னாள். அந்த ஒரு வசனத்துக்காக டேட்டா போனது பரவாயில்ல. ஆனா அதுக்குப் பிறகு டைப் கிளாஸ், ஐஓ எண்டு அதின்ர கஷ்டமான பாடங்களுக்குப் போக முகம் வாடிட்டுது.

ராக்கெட். 1958ல ஜோன் மக்கார்த்தி தொடங்கின லிஸ்ப் எண்ட லாங்குவேஜ், அதில இருந்து 1975ல சஸ்மனும் ஸ்டீலும் செய்த ஸ்கீம், அந்த வழியில வந்து 2010ல ராக்கெட் எண்டு பேர் மாத்தினது. எனக்கு இதில முந்தி பெரிய மதிப்பு இருக்கேல்ல, பிராக்கெட் குவியல் எண்டு நக்கலடிச்சிருக்கிறன். டொக்டர் ராக்கெட் எண்ட அதின்ர எடிட்டர்ல படிக்கிற பிள்ளையளுக்கெண்டே சின்னச் சின்ன லாங்குவேஜ் வைச்சிருக்கிறாங்கள், முதல் படியில லூப் இல்ல, மாத்தி எழுதுறது இல்ல, லாம்டா கூட இல்ல. ஓடித் தப்ப வழியே இல்ல. அதோட ஸ்டெப்பர் எண்டு ஒரு பட்டன் இருக்கு, அதை அமத்த அமத்தக் கணக்கு ஒவ்வொரு படியா விரிஞ்சு காட்டும். கூட்டல் குறியை அவங்கள் முன்னுக்குப் போடுவாங்கள், நான் எங்கட பழக்கத்துக்கு நடுவில போட்டு, இடையில வாற சின்னப் படியளை விட்டிட்டு எழுதுறன்:

தொகை [120, 80, 60]
120 + தொகை [80, 60]
120 + (80 + தொகை [60])
120 + (80 + (60 + தொகை []))
120 + (80 + (60 + 0))
120 + (80 + 60)
120 + 140
260

நாலாவது வரி வரேக்க அவள் ஒண்டும் பேசேல்ல, திரும்பப் பின்னுக்குப் போனாள், திரும்ப முன்னுக்கு வந்தாள், ஒரு அஞ்சு தரம். நான் பிளேன்டீ போட எழும்பிப் போயிட்டன். ஃபங்ஷன் "தனக்குள்ளேயே" போகுது எண்டு எல்லாரும் கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்துறது, இங்க நீளுறதும் சுருங்குறதும் கண்ணால தெரியுது. குறை இல்லாமலில்ல: பிராக்கெட் எண்ணி எண்ணிக் கண் நோகும், நான் பாத்தளவுக்கு கொழும்பு வேலை விளம்பரம் ஒண்டிலயும் ராக்கெட் எண்டு கண்டதில்ல, மேப், ஃபில்டர் மாதிரி விசயங்கள் பிந்தித்தான் வரும்.

ஓகேமல் எண்ட இன்னொரு ஃபங்ஷனல் லாங்குவேஜ் பற்றியும் கேட்டவள், நல்லதுதான், ஆனா ஹாஸ்கெல்லுக்குப் பயந்தா அதை ரெண்டாவதாப் பாக்கலாம், முதலாவதா வேண்டாம். பைத்தனுக்கு மேல கட்டின எழில் எண்டு தமிழிலயே எழுதுற லாங்குவேஜும் இருக்கு, ஆசைக்கு ஒருக்கா பாருங்கோ.

அப்ப என்ர கணிப்பு: ரிகர்ஷன் விளங்கவேணும் எண்டா ஒரு மாசம் ராக்கெட், வேற ஒண்டும் திறக்கக்கூடாது. பிறகு மேப், ஃபில்டருக்கு ஜாவாஸ்கிரிப்ட், வேலைக்கும் உதவும். ஹாஸ்கெல் கம்பஸ் போன பிறகு, நல்ல வைஃபை உள்ள இடத்தில. பைத்தன் ஏற்கனவே தெரியும், அது எங்கயும் ஓடிப்போகாது.

இதுக்குள்ள அவள் இப்ப பட்டியலை விட்டிட்டு பரம்பரை மரத்துக்குப் போயிட்டாள். ஆற்ற பிள்ளை, எந்த ஊர் எண்டு கேட்டே வளந்த ஆக்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது? ஒராளின்ர கீழ எத்தின பேர் எண்டா, அந்தாள் ஒண்டு, அதோட ஒவ்வொரு பிள்ளையின்ர கீழ உள்ளதையும் கூட்டு. மருமக்களை விட்டா அம்மம்மா, அவவின்ர நாலு பிள்ளையள், ஏழு பேரப்பிள்ளையள், மொத்தம் 12. ராக்கெட் 4 எண்டு சொல்லுது. ஸ்டெப்பரை அமத்திப் பாத்தா, கடைப் பில்லில வெறும் பட்டியலுக்கு 0 போட்ட பழக்கத்தில பிள்ளை இல்லாத ஆளுக்கும் 0 போட்டிருக்கிறாள், தான் உட்பட ஏழு பேரப்பிள்ளையளும் அவுட், கலியாணம் கட்டாத எங்கட கடைசிச் சின்னம்மாவும் அவுட். ஃபோனில இதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைசிச் சின்னம்மா, "அப்ப நான் என்னடி, சைபரோ?" எண்டா.