வெள்ளி ரூபாயை நிறுக்க ஒரு பாக்கெட் தராசு

200 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இது. வீட்டில் இருந்த விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்களைக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் நானே மதிப்புப் பார்க்க வேண்டும் என்று வாங்கினேன். அந்த வேலைக்கு இதுவே தாராளம்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். 1939 வரை வந்ததில் 91.7 சதவீதம் வெள்ளி. காசுக்குச் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். எடை ஒன்றே என்பதால், ஆண்டு வாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக நிறுத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். 1946, 1947 ரூபாய்கள் நிக்கல். காந்தத்தில் ஒட்டும், தராசில் வைக்கவே வேண்டாம்.

பல கை மாறித் தேய்ந்த காசு 11.66 காட்டாது. என்னிடம் உள்ள ஓர் எட்வர்டு ரூபாய் 11.41 தான். சமையலறைத் தராசு இரண்டையுமே 11 அல்லது 12 என்று சொல்லிவிடும். காசு நிறையச் சேரும்போது இந்தக் கால் கிராம்கள் சும்மா விடக்கூடியவை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி பிடிக்க வேண்டும். தேயாத 91.7 சதவீத ரூபாய் என்றால் 1.13 கிராம் அளவில் காட்டும். பாதி வெள்ளி என்றால் 1.22. செம்பு, நிக்கல் கலந்து செய்த போலி 1.31 வரை போகும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி; நல்ல ரூபாய்க்கு 10.3 சொச்சம் வரும். கீறாமல், உரசாமல், அமிலம் வைக்காமல் வீட்டிலேயே இவ்வளவு தெரிந்துகொள்ள முடிவது பெரிய விஷயம். காசின் மேல் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை மட்டும் தட்டிவிடுங்கள்.

குறை என்றால், நூலைப் பிடித்துக்கொண்டு எண் நிலைக்கக் காத்திருக்கும்போதே தானாக அணைந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஆடுகிறது. சரிபார்க்கும் 100 கிராம் எடைக்கல்லைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதைக் கூடவே கொடுத்திருக்கலாம்.

சுத்த வெள்ளியின் கிராமை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது உலோக மதிப்பு மட்டும். வாங்குபவர் அதிலும் கழிவு பிடிப்பார். சேகரிப்பவர் தரும் விலை வேறு கணக்கு: ஆண்டு, அச்சுச்சாலைக் குறி, தேய்மானம். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே வடிவத்தை மாற்றினார்கள். அந்தக் காசையும் 1939 என்று போட்ட ரூபாயையும் வெள்ளி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். எடை பெரிதாக மாறாது, ஆனால் சேகரிப்பவர் விலையைக் குறைத்துவிடுவார்.

நாலைந்து காசு வைத்திருப்பவர் இதற்காக ஒரு தராசு வாங்கத் தேவையில்லை. ஒரு பை நிறைய இருந்தால் வாங்குங்கள், எடைக்கல்லோடு சேர்த்து.