ஓடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ்: வெள்ளவத்தை வீட்டில் ஓடவிட்டுப் பார்த்ததில்

வீட்டில் பழைய இசைத்தட்டுகள் கிடக்கின்றன, நல்ல சத்தத்தில் கேட்க எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஓடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி என்ற இசைத்தட்டு பிளேயர்தான். சூட்கேஸ் மாதிரி மடித்து மூடுகிற மலிவு பிளேயர்களை அழகுக்காக வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஊசியின் பாரத்தைக் கூட்டிக் குறைக்க வழியே இல்லை, அந்தப் பாரமும் அதிகம், தட்டின் பள்ளம் தேய்ந்துகொண்டே போகும். அம்மப்பா வாங்கி வைத்த தட்டு தேய்ந்தால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் ஆடாமல் நிற்பது. பெல்ட் கிடையாது, மோட்டார் நேரடியாகவே சுழற்றுகிறது. சினிமாப் பாட்டில் வேகம் லேசாக ஆடினால் பலருக்குத் தெரியாது, ஆனால் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டால் நீண்ட கார்வையில் சுருதி தள்ளாடுவது உடனே காதில் குத்தும். இங்கே அப்படி இல்லை, பின்னால் வரும் ஒத்துகூட அசையாமல் நிற்கிறது. தட்டின் நடு ஓட்டையே விலகியிருந்தால் அது வேறு கதை, அதற்கு மெஷின் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் பொருத்தும்போது அவசரப்படக் கூடாது. பின்பக்க எடையைத் திருகித் திருகி, ஊசிக் கை இறங்காமலும் எழாமலும் மிதக்கிற இடத்தைப் பிடித்து, எண் வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எடையோடு சேர்த்து 2 வரை திருப்ப வேண்டும். கூட வருகிற விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது கையின் நுனியில் ஊசியைத் தாங்கும் தலைக்கு, 2 கிராம்தான் அளவு. பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' எல்லாம் கீச்சிட்டால் கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் எல்பி தட்டின் வெளி விளிம்பில் செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் அளவு பள்ளம் ஊசிக்குக் கீழே ஓடுகிறது, லேபிளுக்குக் கிட்ட வரும்போது அது 20 சொச்சம்தான், சத்தம் அவ்வளவு நெருக்கமாகப் பதிந்திருக்கும் இடத்தில் கோணம் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கோணம் சரியாக இருந்தும் கீச்சிட்டால் கார்ட்ரிட்ஜை மாற்றத் தேவையில்லை, ஊசியை மட்டும் இழுத்துக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எம்எல் எனப்படும், இன்னும் நுண்ணிய முனையுள்ள ஊசியைப் போடலாம். விலை கூடத்தான், ஆனாலும் ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் அந்தக் காசை இதில் போடுங்கள்.

பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. தட்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், அதைத் திரும்பச் சமன்செய்வது ஃபோனோ சுற்று. உங்கள் அம்ப்ளிபயரில் ஃபோனோ இணைப்பு இருந்தால் சுவிட்சை ஃபோனோவில் வையுங்கள், இல்லாவிட்டால் லைனில், அப்போது மெஷினுக்குள் இருக்கும் ஃபோனோ சுற்றே அதைச் செய்துவிடும். இரண்டு இடத்திலும் அந்த வேலை நடந்தால் சத்தம் குமுறும்.

கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் ரயில் அதிர்வு ஒரு தொல்லை. மெஷினையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்காமல், முடிந்தால் மெஷினைக் கொங்கிரீட் சுவரில் பொருத்திய பலகையில் வையுங்கள், பாஸ் எவ்வளவு தெளிகிறது என்று கேட்டாலே விளங்கும். கொழும்பு ஈரக் காற்றுக்கு நிலைமின் தொல்லை குறைவு, பூஞ்சணம்தான் எதிரி. பழைய கடதாசி உறைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது உள்ளுறை போடுங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கான வேகமும் இதில் உண்டு. ஆனால் எல்பி ஊசியால் அந்தத் தட்டுகளைப் போடக் கூடாது, பள்ளம் அகலம் என்பதால் ஊசி அடியில் கிடந்து இரைச்சலைத்தான் பொறுக்கும். அதற்கென்று எஸ்பி ஊசி தனியாகக் கிடைக்கிறது. அந்தத் தட்டுகளை அல்கஹோல் கலந்த எதனாலும் துடைக்க வேண்டாம், அவற்றில் இருக்கும் ஷெல்லாக் என்ற அரக்கு கரைந்துவிடும்.